மூன்றாவது பள்ளம்

டெனிஸ் அந்தப் பாறையைத் தேய்க்கவில்லை. அது எனக்குத் தெரியும். அவனைக் கேள்வி கேட்ட நாளிலும் தெரியும். தெரிந்துகொண்டே அவனுக்கு எதிரே, இரண்டடி தூரத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் என் குற்றம். நான்கைந்து வரியில் முடிந்துவிட்டது. இதை எழுத எட்டு மாதம் பிடித்தது...

நீங்கள் இப்போதே என்னை எடைபோடத் தொடங்கியிருப்பீர்கள். போடுங்கள். ஆனால் நான் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒப்புக்கொள்கிறவள் உண்மைதான் பேசுவாள் என்று சட்டமில்லை. தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதைவிட வசதியான வழி ஏது? எழுத எழுத எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் வருகிறது.

முதலில் பாறையைச் சொல்லிவிடுகிறேன்.

அடையாற்று நதி சின்னமலையைத் தாண்டிக் கோட்டூர்புரத்தை நெருங்கும் வழியில், குடிசைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பாறை மண்ணுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. இரண்டு லாரி நீளம் இருக்கும். பாதியில் துணி காயும், மீதியில் நாய் படுத்திருக்கும். பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவர்கள் அதை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதில் ஐந்து பள்ளங்கள் இருக்கின்றன. ஓடம் போன்ற வடிவம். முழங்கை நீளம், நாலு விரல் அகலம், நடுவில் ஆழம். உள்ளே விரலை ஓட்டினால் பீங்கான் தட்டு மாதிரி வழுக்கும். ஓரம் தாண்டியதும் பாறை தன் சொரசொரப்பைக் காட்டும். இரும்பு தெரியாத காலத்தில் இங்கே இருந்தவர்கள் தண்ணீரும் மணலும் விட்டுக் கற்கோடரியின் வாயை இப்படித் தேய்த்துத்தான் கூராக்கினார்கள். தேய்த்த இடம் தலைமுறை தலைமுறையாகக் குழிந்து பள்ளமானது. மலைப்பக்கத்து மாவட்டங்களில் இவை கிடைப்பதுண்டு. சென்னைக்குள்ளே, ஹாரன் சத்தம் கேட்கும் இடத்தில் இருப்பதாக எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

எங்களில் என்றால் மூன்று பேர். நான், டெனிஸ், பிரபு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கற்களைத் தேடி அலைகிறவர்கள். பிரபு நன்றாகப் படம் எடுப்பான். டெனிஸ் சாந்தோம்காரன். வீட்டில் அப்பா, அம்மா, அத்தை எல்லாரும் வாத்தியார்கள். அவனும் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறான். நான் மந்தைவெளி. ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் வாசகம் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். எதை ஆரம்பித்தாலும் ஆறு மாதத்தில் விட்டுவிடுவாள் என்று வீட்டில் எனக்குப் பெயர். ஜெர்மன் போயிற்று, வயலின் போயிற்று, பறவை பார்ப்பது போயிற்று. கல் மட்டும் மூன்று வருடமாக நின்றது. நின்றதற்குக் காரணம் டெனிஸ்.

ஆடி மாதத்தில் ஒரு காலை அவனிடமிருந்து அழைப்பு.

"கீர்த்தி, எங்க இருந்தாலும் கெளம்பி வா. பல்லு வெளக்கலன்னாலும் பரவால்ல."

போனேன். பாறையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கன்னத்தைக் கல்லில் வைத்து, ஒரு கண்ணை மூடியிருந்தான். சட்டையெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து ஆட்காட்டி விரலைப் பள்ளத்துக்குள் வைத்தான்.

அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும்தானா? இல்லை... 'ஏன் இவன்? ஏன் நான் இல்லை?' என்பதும் கூடவே வந்தது. அதை அன்றே சந்தோஷத்துக்குள் அமுக்கிவிட்டேன்.

இந்தப் பள்ளங்களைப் பார்ப்பதற்கு ஒரு நேரம் உண்டு. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம். வெயில் பாறைமேல் சாய்ந்து விழும்போதுதான் பள்ளத்துக்குள் நிழல் தங்கும், வடிவம் எழும்பி நிற்கும். வெயில் ஏறினால் எல்லாம் தட்டையாகிவிடும், படத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவோம். ஏழேகாலுக்கு நிழல் செத்ததும் அளவுகோலைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று எல்லா ஞாயிறும் இதே கணக்கு.

இனி வசந்தி மேடம். அகழாய்வு நடத்துகிறவர். அடையாறில் சின்னதாக ஓர் அலுவலகம், பெசன்ட் நகரில் வீடு. தை பிறந்ததும் தொடங்கும் தன் அகழாய்வுக்கு, முறையாகத் தொல்லியல் படிக்காத ஒருவரை வருடந்தோறும் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வார். ஒரே ஓர் இடம். முப்பது வயதுக்குள் இருக்கவேண்டும். ஒரு பருவம் அவரிடம் மண் தோண்டியவர்களை மற்ற குழுக்களும் மதித்துக் கூப்பிடும்.

டெனிஸுக்கு மார்கழியில் முப்பது முடிகிறது. அவனுக்கு இதுதான் கடைசி வருடம். ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. இந்த முறை கையில் ஒரு பாறையே இருந்தது. கிடைத்தால் பள்ளி வேலையை விட்டுவிடுவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்திருந்தான். அவன் அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லையாம்.

நானும் விண்ணப்பித்திருந்தேன். எனக்கு இருபத்தாறு. இன்னும் மூன்று தடவை எழுதிப்போடலாம்.

இதை நீங்கள் மறக்கவேண்டாம். நானும் மறக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, வீட்டில் மடிக்கணினியில் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆவணியில் எடுத்த படங்களில் ஐந்து பள்ளங்களும் ஒரே பழுப்பு. அன்று காலை எடுத்ததில் மூன்றாவது பள்ளத்தின் அடியில் மட்டும் ஒரு வெண்மை, ஒரு புதுப் பளபளப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். யாரோ அண்மையில் தேய்த்திருக்கிறார்கள்.

பழைய பள்ளத்தை ஏன் ஒருவர் தேய்க்கவேண்டும்? இன்னும் ஆழமாக, இன்னும் அழகாக, பார்த்ததும் நம்பும்படி ஆக்குவதற்கு. அப்படிச் செய்து மாட்டிக்கொண்டவர்களின் கதைகளை நாங்களே டீக்கடையில் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறோம்.

பிறகு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிந்தது. அவன் ஏன் எனக்கு முன்பே வந்துவிடுகிறான்? மூன்றாவது பள்ளத்தை அளக்கும்போது ஏன் அவசரப்படுகிறான்? டீக்கடையில் அவன் பை சரிந்தபோது உள்ளே முஷ்டி அளவு கருங்கல் ஒன்று உருண்டது. ஒரு முகம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பையின் மடிப்பில் வெள்ளைக் கல்தூள்.

"என்ன அது?"

"ஒண்ணும் இல்ல மச்சி. ஒரு ட்ரையல். முடியட்டும், சொல்றேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் ஜிப்பை இழுத்து மூடிய வேகத்தைத்தான் அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவனையே நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே... எனக்கு அப்போது பதில் வேண்டியிருந்ததா என்பதே இப்போது சந்தேகம்.

அடுத்த திங்கள் மேடத்தின் அலுவலகத்தில் எனக்கு நேர்காணல். எல்லாம் முடிந்து எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

"மேடம், டெனிஸ் தப்பா எதுவும் பண்ணியிருக்க மாட்டான்..."

இப்படித்தான் தொடங்கினேன். யாரும் கேட்காதபோது இப்படிப் பேச்சைத் தொடங்குகிறவளை நீங்கள் நம்புவீர்களா? மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"தப்பான்னு நான் கேக்கலையேம்மா."

"மூணாவது பள்ளம் மட்டும் கொஞ்சம் புதுசாத் தெரியுது மேடம். நான் தப்பாவும் பாத்திருக்கலாம். அவன் பையில ஒரு கல்லு இருந்தது. கல்தூளும் இருந்தது."

"அவன் தேச்சிருக்கான்னு சொல்றியா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல மேடம்."

சொல்லவில்லைதான். சொல்லாமல் சொல்வதற்குத்தானே எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள்.

மேடம் நாட்குறிப்பைப் புரட்டினார். "ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்க, மூணு பேரும். யார் சொன்னாங்கன்னு வெளிய வராது. நீ கவலப்படாத" என்றார். கவலைப்படாதே என்று என்னிடம் சொன்னார்! அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

இதுவரை நடந்ததை வேண்டுமானால் தவறு என்று வைத்துக்கொள்ளலாம். படத்தில் பார்த்ததைச் சொன்னேன், கல்லைப் பார்த்தேன், தூளைப் பார்த்தேன். என் பக்கம் வாதாட இவ்வளவு போதும். வியாழக்கிழமை அந்த வாதத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இன்னும் உறுதியான ஆதாரம் வேண்டும் என்று வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நல்ல லென்ஸோடு தனியாகப் பாறைக்குப் போனேன். மணி ஒன்பது. கீறலை அருகிலிருந்து எடுக்கச் சாய்ந்த வெயில் தேவையில்லை, அதனால்தான் அந்த நேரம். அதுவரை எங்களில் ஒருவர்கூட அந்தப் பாறையை ஒன்பது மணிக்குப் பார்த்ததில்லை.

மூன்றாவது பள்ளத்தின் முன்னால் ஒரு பெண் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். பக்கத்தில் மீன் கூடை, ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர். பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டார், கரையிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்துத் தூவினார், அகலமான மீன் கத்தியைப் படுக்கவைத்து நீளவாக்கில் இழுத்து இழுத்துத் தீட்டத் தொடங்கினார். ஒரே திசையில். வெள்ளையாகக் கூழ் வழிந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னாம்மா, கணக்கெடுக்க வந்தியா?"

"இல்லக்கா. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்கறவ டேப்பும் கேமராவும் எடுத்துக்கினு வருவாளா? வூட்டுக்கு நம்பர் போடறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போடு. போன தபா வந்தவனும் சும்மான்னுதான் சொன்னான். இப்ப எம் பொண்ணு வூட்ட இடிச்சி அவளத் தூக்கி பெரும்பாக்கத்துல போட்டுட்டாங்க."

"சத்தியமா வூடு விஷயம் இல்லக்கா. இந்தக் கல்லுதான்."

"கல்லா?" கத்தியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கல்லுல இன்னா கீது?"

பெயர் கன்னியம்மா. விடியும் முன்னே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு எட்டரை ஒன்பதுக்குத் திரும்பி, இங்கே கத்தியைத் தீட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போகிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பள்ளம்தான். அதற்கு முன்னால் அவர் மாமியார்.

"தெனமும் இங்கயேவா தீட்டுவீங்க?"

"பின்ன உங்க வூட்டு மிக்சிலயா தீட்டுவேன்?"

"போன ரெண்டு மூணு மாசம்..."

"பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தேன். பேரன் பொறந்துகீறான். வந்து பாத்தா கல்லு மேல ஒரே புழுதி. நாலு நாள் தேச்சேன், பளிச்சுன்னு ஆயிடுச்சி."

"மத்த நாலு பள்ளம்?"

"அதெல்லாம் கோணலு. கத்தி நிக்காது. இதான் கைக்கு வாட்டமா கீது."

கைக்கு வாட்டம். கற்கோடரியைத் தேய்த்தவருக்கும் இதே பள்ளம்தான் வாட்டமாக இருந்திருக்கும், ஐந்திலும் இதுதான் ஆழம். இதை எண்ணும்போது மெய்சிலிர்த்தது என்பது உண்மை. மறுநொடியே திங்கள்கிழமை நான் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது.

கன்னியம்மா கத்தியைத் துணியில் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழம விடிகாலத்துல வந்து கல்லு மேல குப்புறப் படுத்துக்கினு கெடப்பீங்களாமே, நீங்கதானா அது? பசங்க சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்துதுங்க. மூணு மாசமா வர்றீங்க, ஒருத்தராவது எங்க வூட்டுக் கதவத் தட்டி இன்னா ஏதுன்னு கேட்டீங்களா? கல்லப் பாப்பீங்க, ஆளப் பாக்க மாட்டீங்க. உங்கள நான் இன்னான்னு நம்பறது?"

அனுமதி கேட்டுப் படம் எடுத்தேன்: அவர் கை, கத்தி, பள்ளம். குறிப்பேட்டில் பழக்கப்படி தேதி, நேரம், வெயில் விழும் திசை எல்லாம் போட்டு எழுதினேன்: 'மூன்றாவது பள்ளம். இன்றும் பயன்பாட்டில். மீன் கத்தி தீட்டுதல். தகவல்: கன்னியம்மா.' எங்கள் ஒவ்வொருவர் குறிப்பேட்டிலும் பக்கங்களுக்கு எண் இட்டிருக்கும், ஒரு பக்கத்தையும் கிழிக்கக்கூடாது என்பது விதி. நாற்பத்தொன்றாம் பக்கம். இன்னும் இருக்கிறது.

மேடத்துக்கு ஒரு அழைப்பு. அவ்வளவுதான் செய்யவேண்டியிருந்தது. 'நான் தப்பாப் பாத்துட்டேன் மேடம்.' ஐந்து வார்த்தை கூட இல்லை.

வியாழன் மாலை, அலுவலகத்தில் வேலை என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளி, நேரில் சொல்வதுதான் மரியாதை என்று சொல்லிக்கொண்டேன். சனி, அந்த அம்மா சொல்வதை மட்டும் வைத்து எப்படி முடிவு செய்வது, டெனிஸே சொல்லிக்கொடுத்திருந்தால்...? என்று யோசித்தேன். ஆமாம், அதையும் யோசித்தேன். மீன் விற்கக் கிளம்பிய ஒரு பெண்ணைப் பொய்சாட்சியாக்கிப் பார்த்தேன். அந்த யோசனையை நானே நம்பவில்லை. ஆனாலும் சனிக்கிழமையைக் கடத்த அது போதுமானதாக இருந்தது.

ஞாயிறு. பெசன்ட் நகரில் மேடம் வீடு, மூன்றாவது மாடி. காபி வந்தது. பிரபு தன் படங்களைத் திரையில் ஓட்டினான். மூன்றாவது பள்ளம் வந்ததும் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டெனிஸ், இதை யாராவது சமீபத்துல தேச்சாங்களா?"

அவன் முன்னால் குனிந்து பார்த்தான். "ஆமா மேடம், வெள்ளையா இருக்கே... நான் கவனிக்கவே இல்ல."

"நீ கவனிக்கலையா? மூணு மாசமா அளக்கற."

"நிழலைத்தான் பாப்போம் மேடம். கலரைப் பாக்கறதில்ல."

"உன்கிட்ட தேய்க்கற கல்லு ஏதாவது இருக்கா?"

இங்கேதான் அவன் தானே போய் மாட்டிக்கொண்டான். முகம் மலர்ந்துவிட்டது. தன் உழைப்பு தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டான், பாவி.

"இருக்கு மேடம்! வீட்டு மாடியில ஒரு ஒடஞ்ச அம்மிக்கல்லு இருக்கு. அதுல ரெண்டு மாசமா தெனமும் ஒரு மணி நேரம் தேய்க்கறேன். தேய்க்கற கல்லு ஆத்தங்கரையில பொறுக்கறதுதான், தேஞ்சதும் கொண்டுவந்து மாத்திப்பேன். ஒரு பள்ளம் விழ எவ்வளவு நாளாகும்னு பாக்கறதுக்கு. முடிச்சிட்டு உங்களுக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

பிரபு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மடியில் குறிப்பேடு இருந்தது. அதன் மேல் என் இரண்டு கைகளும் இருந்தன.

டெனிஸ் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. என் முகத்தில்தான் கடைசியாக வந்து நின்றான். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை அது. என்னை நம்பியதால் வந்த பார்வை.

நான் காபியை எடுத்துக் குடித்தேன்.

"அம்மியிலதான் மேடம். பாறையில இல்ல. வேணும்னா வந்து பாருங்க" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"சரிப்பா. நான் ஒண்ணும் சொல்லல" என்றார் மேடம். "இந்த இடத்தை இப்போதைக்குப் பதிவு பண்ணவேண்டாம். பின்னால பாத்துக்கலாம்."

புதன்கிழமை எனக்கு மின்னஞ்சல் வந்தது. இடம் எனக்கு.

நான் ஏன் பேசவில்லை? எட்டு மாதமாக இந்தக் கேள்வியைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் கிடைப்பது வெட்கம்: போட்டுக்கொடுத்தவள் நான்தான் என்று தெரிந்துவிடுமே. இன்னும் கீழே போனால் அந்த ஒரே இடம். அதற்கும் கீழே ஆடி மாதத்து அந்தக் காலை, 'ஏன் இவன்?' அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. மேல்மண்ணைக் கிளறிவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேர் பண்ணுகிறேனோ என்று நீங்கள் சந்தேகித்தால், அது நியாயமான சந்தேகம்.

அவன் என்னோடு சண்டை போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் தி. நகருக்குக் கூட்டிக்கொண்டு போய், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, எனக்குத் தொப்பியும் கான்வாஸ் ஷூவும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்.

"ஒரு சைஸ் பெருசா வாங்கு. வெயில்ல கால் வீங்கும். நான் போனா அப்படித்தான் வாங்கலாம்னு இருந்தேன்."

ஜூஸ் கடை வாசலில் நின்றபோது கேட்டான்.

"மேடம்கிட்ட யாரு சொல்லியிருப்பா கீர்த்தி?"

"அவங்களே படத்துல பாத்திருப்பாங்க."

"படம் அன்னிக்குத்தான காட்டுனோம். கல்லு இருக்கான்னு வேற கேட்டாங்க." ஸ்ட்ராவால் ஜூஸைக் கலக்கினான். "பிரபுவா இருக்குமோ?"

"தெரியலையே..." என்றேன்.

அந்த 'தெரியலையே'வை நான் இழுத்த இழுப்பு இருக்கிறதே, அதுதான் பிரபுவைத் தொலைத்தது. அதற்குப் பிறகு டெனிஸ் அவனுக்கு ஃபோன் செய்யவில்லை. பிரபுவும் காரணம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு நின்றன.

தையில் போனேன். சித்திரை முடியத் தோண்டினேன். நன்றாகத்தான் தோண்டினேன் என்றார்கள். பானை ஓடு கிடைத்த ஒவ்வொரு முறையும் டெனிஸுக்குப் படம் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் அவன் பத்துக் கேள்வி கேட்டான்.

நான் திரும்பி வந்த இரண்டாவது வாரம், போன மாதம், மதிய வேளையில் அழைத்தான். குரலில் பழைய துள்ளல்.

"கெடச்சிடுச்சு கீர்த்தி. பள்ளிக்கூடம் லீவுல, வெயில் ஏறின பிறகு சும்மா போனேன். ஒரு அக்கா ஒக்காந்து மூணாவது பள்ளத்துல மீன் கத்தி தீட்டுறாங்க! வருஷக்கணக்கா அதுலதான் தீட்டுறாங்களாம். நம்ம மூணு பேரும் ஏழரைக்கே டீ குடிக்கப் போயிட்டா எப்படித் தெரியும், சொல்லு."

"அப்படியா?" என்றேன். வேறென்ன சொல்வேன்?

"ரிப்போர்ட்டா எழுதி மேடத்துக்கு அனுப்பறேன். எடம் இனிமே கெடைக்காது, வயசாயிடுச்சு. ஆனா நான் தேய்க்கலன்னு எழுத்துல இருக்கணும் இல்ல?" சற்று நிறுத்தினான். "அந்த அக்கா இன்னொண்ணு சொன்னாங்க. கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு முன்னமே வந்து கேட்டு, போட்டோ எடுத்துக்கினு போச்சாம். நீதானே?"

பொய் சொல்ல வழியில்லை. கன்னியம்மாவிடம் என் படத்தைக் காட்டியிருப்பானோ? "ஆமா, ஒரு தடவ போனேன். உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டேன்" என்றேன்.

"சரி, சரி. எப்பன்னு அந்த அக்காவுக்கு ஞாபகம் இல்ல. நீ நோட்டுல எழுதியிருப்ப. தகவல் முதல்ல யாருக்குக் கெடச்சதோ அவங்க பேரப் போடறதுதான் மொறை. அனுப்பறேன், தேதிய மட்டும் நீ போட்டுடு."

அனுப்பினான். ஆறு பக்கம். தெளிவான, நேர்மையான அறிக்கை. நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'இத்தகவல் முதன்முதலில் கீர்த்தனாவிடம் ____ அன்று கூறப்பட்டது.'

கோடு வெற்றாக இருந்தது. அவன் வெற்றாக விட்டிருந்தான்.

தெரியாமல் விட்டானா, தெரிந்து விட்டானா? அன்று மாலை முழுவதும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான தேதியைப் போட்டால் அது மேடம் வீட்டுக் கூட்டத்துக்கு மூன்று நாள் முந்தையது. அதைப் படிக்கும் எவருக்கும் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நான் வேறு தேதி போட்டேன். டிசம்பரின் முதல் ஞாயிறு. அந்த ஞாயிறு ஆற்றுப்பக்கம் போன ஞாபகம் இருந்தது, பொய்க்கு ஒரு காலாவது உண்மையில் ஊன்றட்டும் என்று நினைத்தேன். போட்டு அனுப்பிவிட்டேன்.

எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பழைய தடயத்தைத் திருத்துவது. டெனிஸ் செய்ததாக நான் சந்தேகித்த அதே வேலை.

மறுநாள் காலை எதற்கோ கைப்பேசியில் பழைய படங்களைப் புரட்டினேன். அந்த ஞாயிறு வந்தது. நான் ஆற்றுப்பக்கம் போனது உண்மைதான். கோட்டூர்புரம் பாலத்தின் மேலிருந்து நானே எடுத்த காணொளி. அது மழையில் நிரம்பிய ஏரியை ஆற்றில் திறந்துவிட்ட வாரம். கரையிலிருந்து கரை வரை செம்மண் தண்ணீர் புரண்டு ஓடுகிறது. பாறை இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் தெரிகிறது. கரைக் குடிசைக்காரர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அதை டெனிஸுக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே அவன் பதில்: 'நம்ம பாறை முங்கிடுச்சு.'

அவனிடமும் அது இருக்கிறது. தேதியோடு.

உடனே அழைத்தேன். எடுக்கவில்லை. அன்று நான்கு முறை அழைத்தேன். மதியத்துக்கு மேல் ஒரு செய்தி வந்தது.

'மேடத்துக்கு அனுப்பிட்டேன். நீ போட்ட தேதியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நன்றி.'

கவனிக்கவில்லையா? ஒவ்வொரு மழைக்கும் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று எழுதிவைக்கிறவனா கவனிக்கவில்லை? கவனித்துவிட்டுத்தான் விட்டானா? என்றைக்காவது மேடமோ வேறு யாரோ அந்தத் தேதியைப் பார்த்து, அன்று பாறை தண்ணீருக்குள் அல்லவா இருந்தது என்று கேட்கட்டும் என்றா? இல்லை, என்னை நானே கேட்கட்டும் என்றா?

மேடத்தின் அலுவலகம் இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிடலாம். இரண்டு முறை அடையாறு சிக்னல் வரை போய்த் திரும்பிவிட்டேன்... இதை உங்களிடம் எழுதுகிறேன், அவர்களிடம் சொல்லவில்லை. உங்களுக்கு டெனிஸைத் தெரியாது என்பதால்தான் உங்களிடம் வாய் திறக்கிறது.

பழக்கம் ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குள் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. அந்தச் செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.